மணி அடிக்காத ஊரில் ஒரு கணக்குச் சோதனை

திருச்சியில் எனக்குத் துணி தைப்பவர் பிலோமினா. அடுத்த தெருவில் இருக்கிறார். சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து படகில் வந்தவர். இன்னும் முகாம் பதிவில்தான் இருக்கிறார், நினைத்தபோது ஊருக்குப் போய்வர முடியாது. நான் விடுமுறைக்கு இலங்கை போகிறேன் என்று கேள்விப்பட்டதும் ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தார். தங்கைக்கு இரண்டு சேலை, தங்கை மகளுக்கு ஒரு சுடிதார், ஒரு டப்பா மைசூர்பாகு. "குடுத்திட்டு நாலு நாள் நிண்டு சாப்பிட்டிட்டு வாங்கோ அக்கா. மற்றில்டா நல்லாச் சமைப்பாள்" என்றார். சாப்பாடு என்றால் நான் எங்கும் போவேன் என்பது என் தையல்காரருக்குத் தெரிந்திருப்பதில் வியப்பில்லை. அளவெடுப்பவர் அவர்தானே.

விமானம், விசா கதையெல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதான், விட்டுவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நல்ல பசியோடு மன்னார்ப் பட்டணத்தில் இறங்கினேன். என்னை வரவேற்றவை கழுதைகள். கடைத்தெருவில் யாருக்கும் பயப்படாமல் நின்றன. ஒன்று மருந்துக்கடை வாசலில், சீட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுபோல நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டிப்போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் சிவப்பரிசிச் சோறும் விளைமீன் குழம்பும் கேட்டேன். கூடவே தேங்காய்ப்பாலில் பச்சைமிளகாய் மிதக்கும் சொதி வந்தது. நான் அதை ரசம் என்று எண்ணிக் கடைசிக்கு ஒதுக்கிவைத்தேன். பரிமாறியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அது ஆறினால் சரிவராது, இப்ப விடுங்கோ" என்று தானே எடுத்துச் சோற்றில் ஊற்றிவிட்டார். எங்கள் ஊரில் இந்த அக்கறைக்குத் தனியாகக் கட்டணம் போடுவார்கள்.

வங்காலைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். எங்கள் திருச்சித் தனியார் பஸ்ஸைப் போலவே வண்ண விளக்கு, சாமி படம், கூரையெல்லாம் ஸ்பீக்கர். ஆனால் பாட்டு இல்லை. ஸ்பீக்கர் பழுதோ என்று கண்டக்டரிடம் கேட்டேன். அவர் முன்னிருக்கைகளைக் காட்டினார். வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள், எல்லார் மடியிலும் புத்தகம். "சோதனைக் காலம். பிள்ளையள் படிக்குதுகள், அதான் போடேல்லை" என்றார். பரீட்சையை இங்கே சோதனை என்கிறார்கள். எழுதியவர்களுக்குத் தெரியும், பொருத்தமான பெயர்தான். நானும் சத்தமில்லாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டே போய், இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். சத்தம் போட்டு நிறுத்தச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. வந்த வழியே பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தேன்.

அது வங்காலையைத் தாண்டிய ஒரு சின்னக் கரையூர். பெயரை எழுதக்கூடாது என்று ஊரார் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். காரணம் போகப்போகத் தெரியும்.

மற்றில்டா வேலிப் படலையைத் திறந்தார். முப்பது தாண்டிய வயது, அக்காவின் அதே கண். என்னைக் கட்டிப்பிடித்து, காதோடு, "வாங்கோ அக்கா, வாங்கோ" என்றார். ஏன் ரகசியம் பேசுகிறார் என்று புரியவில்லை. யாரோ காலமாகிவிட்டார்கள் என்று நினைத்து நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனேன். அவர் கணவர் அன்ரன், கடற்தொழிலாளி, ஆள் நல்ல உயரம். அவரும் மெதுவாகத்தான் பேசினார். அப்புறம்தான் விளங்கியது, ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது.

ஓ எல் என்று இங்கே சொல்லும் பரீட்சை நம் பத்தாம் வகுப்பு மாதிரி. அது முடியும்வரை ஊரில் சத்தம் கூடாது என்று மீனவர் சங்கமும் கோயிலும் (இவர்கள் கோயில் என்பது தேவாலயம்) சேர்ந்து தீர்மானம் போட்டிருந்தார்களாம். கோயில் ஒலிபெருக்கி நிறுத்தம். விடியற்காலை மணி நிறுத்தம். மீன் ஏற்ற வரும் லொறி ஹோன் அடிக்கக்கூடாது. குடிப்பவர்கள் கடற்கரையிலேயே படுத்து விடிந்ததும் வரவேண்டும். புருஷன் பெண்சாதி சண்டையும் சோதனைக்குப் பிறகுதான். "முந்தநாள் எனக்கும் அன்ரனுக்கும் ஒரு கதை தொடங்கினது. தவணை போட்டு வைச்சிருக்கிறம்" என்றார் மற்றில்டா. அன்ரன் சிரித்தார்.

எங்கள் தெருவை நினைத்துக்கொண்டேன். ப்ளஸ் டூ பரீட்சைக்கு முதல்நாள்தான் எங்கள் பேட்டையில் யாராவது காது குத்துவார்கள். குழாய் ஸ்பீக்கர் பரீட்சை எழுதும் பிள்ளையின் ஜன்னலைப் பார்த்தே கட்டப்படும். போய்க் கேட்டால், "ஒரு நாள் தானேம்மா" என்பார்கள். எல்லா நாளும் யாருக்கோ ஒரு நாள்தான்.

வீட்டுக்குள் ஒரு மேசை. ஒரு பக்கம் மகள் ஷெரின் கணக்குப் புத்தகத்தை விரித்திருந்தாள். எதிர்ப்பக்கம் இன்னொரு கதிரை, இன்னொரு கணக்குப் புத்தகம். "அது ஆருக்கு?" என்று அவர்கள் மாதிரியே கேட்டுப்பார்த்தேன். மற்றில்டா வெட்கப்பட்டுக்கொண்டு அந்தக் கதிரையில் உட்கார்ந்தார்.

அவர் கதை இதுதான். ஓ எல் எழுதவேண்டிய வருடம் சண்டை உச்சத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இல்லை, இவர்களும் இருந்த இடத்தில் இல்லை. வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயந்து அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்தார்கள். பிள்ளை வளர்ந்த பிறகு தனியாக எழுதி மற்றப் பாடமெல்லாம் தேறிவிட்டார். கணக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் காலை வாரியது. இப்போது மகளும் அம்மாவும் ஒரே பரீட்சை. மகளுக்கு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில், தனியாக எழுதும் அம்மாவுக்குப் பட்டணத்தில். திங்கட்கிழமை கணக்கு.

"இனி எதுக்கும்மா கணக்கு?" என்று கேட்டுவிட்டேன். பத்தாம் வகுப்பில் கணக்கோடு நான் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. அந்த வேதனையில் கேட்டதுதான். பதிலை மறுநாள் நேரிலேயே காட்டினார்கள்.

சனிக்கிழமை காலையில் புட்டும் மீன் பொரியலும் சாப்பிட்டுவிட்டு (புட்டு என்றால் இப்படிப் பொலபொலவென்று இருக்கவேண்டும், எங்கள் வீட்டில் நான் செய்வதை இனிமேல் வேறு பெயரில் அழைக்கப்போகிறேன்) மற்றில்டாவோடு ஊரைச் சுற்றினேன். கோயிலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம். ஊரின் முன்பள்ளி. நம் பாலர் பள்ளி. மற்றில்டா அங்கே சில வருடங்களாக உதவியாளர். அடுத்த வீட்டுப் பெண் ஒருவர் எங்களோடு வந்தார். நண்டிலிருந்து சதையைப் பிரித்தெடுக்கும் கம்பனியில் வேலை செய்பவர். இந்த ஊர்ப் பெண்கள் பலருக்கும் அதுதான் வேலை. காலையில் பிள்ளைகளை முன்பள்ளியில் விட்டால்தான் வேலைக்குப் போகமுடியும்.

"எங்கட ரீச்சர் கலியாணம் முடிச்சு வவுனியா போறா" என்றார் அந்தப் பெண். "கல்விக் கந்தோரில கேட்டால், ஓ எல் பாஸ் பண்ணின ஆள் வேணுமாம். கணக்கும் வேணுமாம். ஊரில பாஸ் பண்ணினதுகள் எல்லாம் ஒண்டில் கொழும்பு, ஒண்டில் கனடா. இவள் ஒருத்திதான் இருக்கிறாள். இவள் பாஸ் பண்ணாட்டி வாற வருசம் இதைப் பூட்டவேண்டியதுதான். பிள்ளையள் மணலுக்க விளையாடும், நாங்கள் வீட்டில இருப்பம்."

மற்றில்டா சுவரில் பிள்ளைகள் கிறுக்கியிருந்த ஒரு மீனைத் துடைக்கப்போய், துடைக்காமல் விட்டுவிட்டார்.

அதற்குப்பிறகு அந்த ஊரின் மௌனத்தை நான் வேறு மாதிரி கேட்டேன். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக மட்டும் நிறுத்திய ஒலிபெருக்கி இல்லை அது. மற்றில்டா கணக்கில் தேறினால் நண்டுக் கம்பனிக்குப் போகும் பெண்களுக்குச் சம்பளம் உண்டு, அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்து உண்டு. ஒரு ஆள் படிப்பது அவருக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது? எனக்கு ஏனோ கணக்கின்மேல் முதல்தடவையாகக் கொஞ்சம் மரியாதை வந்தது.

அன்று மாலை அன்ரன் கணவாய் கொண்டுவந்தார். மற்றில்டா அடுப்படியில் நின்று சூத்திரங்களைச் சொல்லிக்கொண்டே சமைத்தார். ஷெரின் உள்ளேயிருந்து திருத்தினாள். "அம்மா, அது உருளையின்ர கனவளவு. கூம்பெண்டால் மூண்டால பிரிக்கவேணும்." "ஓம் ஓம், மூண்டால பிரிக்கவேணும்" என்று கணவாயைக் கிளறினார். கறி அருமையாக வந்தது. உப்பு மட்டும் இரண்டுதடவை போட்டுவிட்டார். எல்லோரும் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டோம். தவணை போட்ட சண்டைகளின் கணக்கில் அன்ரன் அதையும் சேர்த்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். பாட்டை எல்லாரும் தணிந்த குரலில் பாடினார்கள். பூசை முடிந்ததும் அம்மாவும் மகளும் அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் ஒரு பெட்டியில் முன்பே போட்டிருந்த தங்கள் கைபேசிகளை ஒருமுறை எட்டிப் பார்த்தார்கள். சோதனை முடியும்வரை தொடுவதில்லை என்று நேர்த்தி. கோயிலைப் பூட்டிக்கொண்டிருந்தவர் சங்கிலித்தாம், அதாவது மணி அடிப்பதும் பூசைக்கு ஆயத்தம் செய்வதும் அவர் பொறுப்பு. வயதில் பெரியவர், பெயர் மனுவேல். "நாளைக்கு நல்லாச் செய் பிள்ளை. நான் மணிக்கயிறைத் தொடவும் மாட்டன்" என்று மற்றில்டாவுக்கு வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைத்தான் அவர் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார்.

இரவு வாடைக்காற்று பலமாக அடித்து மின்சாரம் போய்விட்டது. அன்ரனின் கைபேசியில் சார்ஜ் இல்லை. என்னுடையதை, வெளிநாட்டுக் கட்டணத்துக்குப் பயந்து அணைத்துப் பையின் அடியில் வைத்திருந்தேன். "அலாரம் ஏதாவது வைக்கவா?" என்று கேட்டேன். மூவரும் சிரித்தார்கள். "கடற்கரை ஊரக்கா இது. விடிஞ்சாப்பிறகு இஞ்சை நித்திரை கொள்ள ஆரும் விடமாட்டினம்" என்றார் அன்ரன்.

திங்கட்கிழமை முதலில் விழித்தது நான்தான். மின்விசிறி இல்லாததால் கொசு எழுப்பிவிட்டது. வெளியே வந்து கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தேன். காற்று அடங்கியிருந்தது. நல்ல வெளிச்சம். ஒரு சத்தம் இல்லை, ஒரு நடமாட்டம் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பெண்ணின் கணக்குப் பரீட்சைக்காக ஒரு ஊரே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். இதை எப்படி எழுதலாம் என்று மனதுக்குள் வாக்கியம்கூடச் செய்துபார்த்தேன். நன்றாகவே வந்தது. பல் துலக்கினேன். மறுபடி உட்கார்ந்து அந்த அமைதியை ரசித்தேன். வெயில் காலில் சுட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊர் மூச்சை அடக்கவில்லை. ஊர் தூங்கிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். மற்றில்டா வெளியே வந்து வெயிலைப் பார்த்தார். "ஐயோ, என்ர மாதாவே!" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் அந்தத் தெருவே எழுந்தது.

நடந்தது இதுதான். மணியை நிறுத்தினாலும் மற்ற நாட்களில் விடியும்போது படகுகள் கரைக்கு வரும், எஞ்சின் சத்தத்தில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. அன்று கடலுக்குப் போகாவிட்டால் திங்கள் விடியலில் திரும்பிவர ஏது படகு? தீர்மானத்துக்குப் பின் வந்த முதல் திங்கள் அதுதான். தீர்மானம் போட்ட கூட்டத்தில் ஒருவர்கூட இதை யோசிக்கவில்லை. சங்கிலித்தாம் மனுவேல் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "மணி அடிக்கவேணும் எண்ட யோசினையிலதான் நான் இவ்வளவு காலமும் எழும்பினனான். இண்டைக்கு மணி இல்லையெண்டதும் உடம்பு எழும்பேல்லைப் பிள்ளை" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஷெரினும் மற்றப் பிள்ளைகளும் ஆளுக்கொரு பாண் (நம் பிரெட்) துண்டோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். கூப்பிடு தூரம்தான், போய்விடலாம். மற்றில்டாவுக்குப் பாலம் தாண்டித் தீவுக்குள் இருக்கும் பட்டணத்துக்குப் போகவேண்டும். காலை பஸ் எப்போதோ போயிருந்தது. பரீட்சை தொடங்கி அரைமணிநேரத்துக்குமேல் ஆனால் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். மற்றில்டா ஏறும்போது என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை; ஆகவே நானும் ஏறினேன். அன்ரன் ஓட்டுநரோடு ஒட்டிக்கொண்டார்.

போகிற வழியெல்லாம் மற்றில்டாவின் வாய் ஓயவில்லை. "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கி, "வட்டத்தின்ர பரப்பளவு" என்று போய், மறுபடி மரியாளிடமே வந்தது. நான் அவர் கையை அழுத்திக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த கணக்கு உதவி அவ்வளவுதான்.

தள்ளாடி என்ற இடத்துச் சந்திக்குக் கிட்டே ஆட்டோவின் பின்சக்கரம் காற்றை விட்டது. மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லை. ஆட்டோக்காரர் அழாத குறை. அன்ரன் மனைவியின் பரீட்சை அனுமதி அட்டையை வாங்கி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடுவீதியில் போய் நின்றார். ஒரு பஸ் நிறைமாதமாக வந்து, நிறுத்த இடமில்லாமல் போனது. ஒரு கார் வளைந்து போனது. பிறகு நெல் மூட்டை ஏற்றிய சின்ன லொறி ஒன்று கிறீச்சென்று நின்றது. நெற்றியில் திருநீறு பூசிய ஒருவர் தலையை நீட்டினார். பெரியமடுவிலிருந்து மனைவியோடு ஆலைக்கு நெல் கொண்டுபோகும் விவசாயி.

"சோதனைப் பிள்ளையோ? ஏறச் சொல்லுங்கோ, கெதியா. பிள்ளை எங்கை?"

அன்ரன் பின்னால் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதரும் எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார், சீருடையில் ஒரு பெண் எங்கேயாவது நிற்கிறாளா என்று. மற்றில்டா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே வந்தார்.

"நான்தான் ஐயா பிள்ளை."

அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு மனைவியை நகரச் சொன்னார். "முன்னுக்கு ஏறு பிள்ளை" என்றார். அந்த ஒரு சொல்லில் முப்பது தாண்டிய ஒரு பெண்ணை நடுவீதியில் யார் அப்படி மாணவியாக்கிவிட முடியும்? நானும் அன்ரனும் பின்னால் மூட்டைகள்மேல் ஏறினோம். நெல் சுணை கழுத்தெல்லாம் அரித்தது. இரண்டு பக்கமும் கடல், நடுவே பாலம். நான் அந்தக் காட்சியை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

தீவுக்குள் நுழைந்ததும் கழுதைக் கூட்டம் வீதியை அடைத்து நின்றது. ஹோனுக்கு அவை காதைக்கூட அசைக்கவில்லை. விவசாயியின் மனைவி இறங்கி, சேலைத் தலைப்பை வீசி, "அங்காலை போங்கோ, பிள்ளைக்குச் சோதனை!" என்று விரட்டினார். கழுதைக்கும் மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். அவை விலகின.

பரீட்சை மண்டப வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். "தாய் தகப்பன் உள்ளுக்கு வரேலாது அம்மா, வெளியில நில்லுங்கோ." மற்றில்டா அட்டையை நீட்டினார். காவலாளி அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், வாசல் கதவை அகலத் திறந்துவிட்டு, "ஓடுங்கோ, ஓடுங்கோ, இன்னும் நேரம் இருக்கு" என்றார். மற்றில்டா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

எதிரில் இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். பெரியமடுக்காரரும் மனைவியும்கூட வந்தார்கள். ஆலையில் வரிசை நீண்டுவிடுமே என்றேன். "நீளட்டும்" என்றார் அவர். ரோல்ஸும் பால் இல்லாத தேநீரும் வந்தன. மனைவிதான் பேசினார். "எங்கட ஊரில முந்தி பிள்ளை பிறக்கிறதெண்டால் பயம். ஆஸ்பத்திரி தூரம், மழையெண்டால் ரோட்டும் இல்லை. பக்கத்து வளவுப் பெட்டை ஒண்டு படிச்சு மிட்வைஃப் ஆகி வந்தாள். என்ர மகளின்ர பிள்ளையை அவள்தான் காப்பாத்தினவள். அவள் சோதனைக்குப் போன நாள் ஆரோ ஒரு ஆள் ஏத்திக்கொண்டுதானே போயிருப்பார்?" கணவர் தேநீரை ஊதிக்கொண்டே, "ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது. அதால கண்ட இடத்தில ஏத்திறது" என்றார். குடித்து முடித்துவிட்டு எழுந்து போனார்கள். பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு தாளும் முடிந்து வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் மற்றில்டா வெளியே வந்தார். சுற்றிலும் பிள்ளைகள் விடைகளைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அன்ரன் ஒன்றும் கேட்காமல் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தார். குடித்துவிட்டு அவர் அழத்தொடங்கினார்.

"முதல் தாள் முடிக்கேல்லை. ஓடி வந்த களைப்பில முதல் கணக்கையே மூண்டு தரம் அழிச்சு எழுதினனான். கடைசிப் பக்கம் பாக்கேல்லை. ரெண்டாம் தாள் செய்தனான். பாஸ் பண்ணக் காணுமோ தெரியாது."

"பரவாயில்லை. வாற முறையும் எழுதலாம்தானே" என்றார் அன்ரன்.

"வாற முறை வரைக்கும் பிள்ளையள் எங்கை போறது?"

மனைவியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு அன்ரன் பஸ் வரும்வரை நின்றார்.

ஊர் முகப்பில், அன்று நண்டுக் கம்பனிக்குப் போகாமல் நின்றுவிட்ட பெண்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். மனுவேல் கோயில் படியில் காலையிலிருந்து பட்டினியாக இருந்தாராம். உள்ளே விட்டார்கள் என்று கேட்டதும் அவர் மற்றில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்றார். "நீங்கள் அடிக்காமல் விட்டது எனக்காகத்தானே, மாமா" என்றார் மற்றில்டா. அன்று தெருவில் எல்லார் வீட்டுக் கறியும் எங்கள் வீட்டுக்கு வந்தது. நண்டுக் கறி, திருக்கை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி. துக்க வீட்டுக்கு வருவதுபோல வந்தார்கள். சாப்பாட்டைப் பார்த்ததும் கல்யாண வீடாக மாறியது. நான் மூன்றுமுறை சோறு போட்டுக்கொண்டேன். அப்போதுதான் பெயர் எழுதக்கூடாது என்ற சத்தியமும் வாங்கினார்கள். "வங்காலைச் சனம் தெரிஞ்சால் காலத்துக்கும் சொல்லிச் சிரிக்கும்" என்றார் அன்ரன்.

மறுநாள் புறப்படுமுன் முன்பள்ளிக்குப் போனேன். மற்றில்டா தரையில் உட்கார்ந்திருக்க, மடியில் ஒரு குழந்தை, தோளில் ஒரு குழந்தை, முதுகுப்பக்கம் ஒன்று ஏற முயன்றுகொண்டிருந்தது. கப்பல் பாட்டு ஒன்று பாடினார்கள். இரண்டு பேர்கூட ஒரே வரியில் இல்லை. எனக்குக் கிளம்ப மனமே வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மற்றில்டா படலைவரை வந்து, "முடிவு வந்தால் முதல் போன் உங்களுக்குத்தான் எடுப்பன். பெயில் எண்டாலும் எடுப்பன்" என்றார்.

சில மாதம் கழித்து அலுவலகத்தில் இருந்தபோது மற்றில்டாவின் அழைப்பு வந்தது. நான் கோப்பை மூடிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

"அக்கா, எஸ்."

எஸ் என்றால் அங்கே தேர்ச்சியில் ஆகக் கடைசிப் படி. அதற்குக் கீழே போயிருந்தால் பெயில்தான். ஷெரினுக்கு அதைவிட இரண்டு படி மேலே, பி. "மகள் பகிடி பண்ணுறாள் அக்கா, தன்னட்டை ரியூசனுக்கு வரச் சொல்லி" என்று அழுதுகொண்டே சிரித்தார். நானும் அழுதேன். பக்கத்து மேசைக்காரர்கள் யாருக்கு என்ன ஆயிற்று என்று எழுந்து வந்தார்கள். ஒரு கணக்குத் தேர்வு பாஸ் என்றேன். என் வயதைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப்போனார்கள்.

முன்பள்ளி மூடப்படவில்லை. புதிய வருடம் மற்றில்டா ரீச்சர்தான் திறந்துவைத்தார்.

அதற்குப்பிறகு போன வாரம் ஷெரின் ஒரு படம் அனுப்பினாள். பின்னேரம், முன்பள்ளிக்குள் எடுத்தது. கரும்பலகையில் மற்றில்டா ஒரு முக்கோணம் வரைந்துகொண்டிருக்கிறார். மழலைகள் உட்காரும் குட்டிக் கதிரைகளில் நண்டுக் கம்பனிப் பெண்கள், முழங்கால் நாடியில் இடிக்க, மடியில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த சோதனைக்கு எழுதப்போகிறார்களாம். எல்லார் முகத்திலும் பிடிபட்டுவிட்ட சிரிப்பு. கடைசிக் கதிரையில், அது எந்த நிமிடம் உடையுமோ என்ற நிலையில், அன்ரன். அவர் எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர் என்று ஷெரின் படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள். எனக்கு அதுவரை தெரியாது. எல்லோரும் கமராவைப் பார்க்கிறார்கள். அன்ரன் பார்க்கவில்லை. குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். அவருக்கு இன்னும் கணக்கு முடியவில்லை.